கோட்டையில் வரையப்படும் வார்டு

மத்திய–மாநில உறவுகளை ஆராய மு. கருணாநிதியின் அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1971இல் தன் அறிக்கையை அளித்தது. டெல்லியில் குவிந்து கிடக்கும் அதிகாரத்தைப் பிரித்து மாநிலங்களிடம் தர வேண்டும் என்று அது கேட்டது. மாநில சுயாட்சி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த அறிக்கையை நினைவுகூர்கிறோம். அதே ஆண்டைப் பெயரில் சுமக்கும் இன்னொரு ஆவணத்தை அரசியல் மேடைகளில் யாரும் பேசுவதில்லை: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதற்கு முன்பு நடைமுறையில் இருந்தது 1920ஆம் ஆண்டின் மதராஸ் நகரமைப்புச் சட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்த அந்தச் சட்டத்தில்கூட, ஊருக்கான திட்டத்தைத் தயாரிக்கும் வேலை நகராட்சி மன்றத்திடம் இருந்தது. அரசு அதைப் பரிசீலித்து ஒப்புதல் தந்தது. புதிய சட்டம் அதிகாரத்தின் எடையை நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் வளர்ச்சிக் குழுமங்களுக்கும் மாற்றியது. சில நகராட்சிகள் தம் எல்லைக்குள் திட்டக் குழுமமாக இயங்க அதில் இடமுண்டு என்றாலும், அவை வரையும் எந்தக் கோடும் இயக்குநரின் இசைவையும் அரசின் ஒப்புதலையும் தாண்டாமல் செல்லுபடியாகாது. டெல்லியிடம் அதிகாரம் கேட்ட அதே பருவத்தில், ஊர்களின் அதிகாரத்தைக் கோட்டை தன்னிடம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மாறி மாறி ஆண்ட இரு கழகங்களும் அந்த ஏற்பாட்டில் கைவைக்கவில்லை.

எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம், எவ்வளவு இடம் விட வேண்டும், ஏழைகளின் குடியிருப்பு எங்கே வர வேண்டும் என்பவற்றை யார் தீர்மானிப்பது என்பது பல நாடுகளில் உள்ளூருக்கும் மாநிலத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி. நம்மிடம் இழுபறியே இல்லை, கயிறு முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கிறது. என் வாதம் இதுதான். ஒரு பகுதிக்கு எவ்வளவு வீடு தேவை, எங்கே கட்டவே கூடாது என்ற இரண்டும் மாநிலம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். மீதியெல்லாம், அதாவது எந்தத் தெருவில், எவ்வளவு உயரத்தில், எந்த வாய்க்காலை அகலப்படுத்திய பிறகு என்பதெல்லாம், அந்த ஊர் தேர்ந்தெடுத்த மன்றம் பதில் சொல்ல வேண்டியவை. தமிழ்நாட்டு அரசு தனக்குரிய இரண்டு கேள்விகளைச் சரிவரக் கவனிக்கவில்லை. ஊருக்குரிய மூன்றாவதைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது.

பெருநகர சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொள்வோம். 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். சிறு கட்டடங்களுக்கான அனுமதியை மாநகராட்சியின் அலுவலர்கள் தருகிறார்கள். ஆனால் அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, ஒப்படைத்த அதிகாரத்தின் கீழ், அரசு எழுதிய விதிகளின்படி நடக்கும் வேலை. ஒரு சர்வே எண்ணை விவசாயப் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புக்கு மாற்றவோ, ஒரு தெருவில் இத்தனை மாடிக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தவோ மாமன்றத்தின் தீர்மானத்தால் முடியாது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் உள்ளாட்சியின் கருத்தைக் கேட்பதுண்டு, முடிவு அதன் கையில் இல்லை. குழுமத்தின் தலைவர் பொறுப்பில் இருப்பவர் மாநில அமைச்சர், மேயர் இல்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74ஆவது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவது நகரமைப்பு உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். இவற்றை நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் அளிக்கலாம் என்பதே திருத்தத்தின் மொழி. அளித்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த ‘அளிக்கலாம்’ என்ற இடைவெளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இந்த ஏற்பாட்டில் உள்ளாட்சிக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு தேதியே போதுமான சான்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வெளியாயின. மாநிலத்தின் ஒவ்வொரு ஊரிலும் மனைக்கு எவ்வளவு அகலமான சாலை வேண்டும், கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று தீர்மானிக்கும் விதிகள் அவை. அப்போது தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியிலும் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் முதற்கட்டத் தேர்தல் வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே மன்றம். கட்டட விதிகள் உருவான நேரத்தில் மறுப்புச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூட மாநிலத்தில் இல்லை என்பது யாருக்கும் உறுத்தவில்லை. யாரும் அவர்களைக் கேட்கும் வழக்கம் இல்லாத இடத்தில், அவர்கள் இல்லாததும் தெரியாமல்தான் போகும்.

அந்த விதிகளின் உள்ளடக்கத்தை நான் குறைசொல்லவில்லை. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 2 ஆகவும், உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் உயர்த்தியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். நெரிசலைத் தடுக்கிறோம் என்று நகருக்குள் உயரத்தைக் கட்டுப்படுத்தினால் மக்கள் வராமல் இருப்பதில்லை. ஏரிக்கரையிலும் வயலிலும் போய்க் குடியேறுகிறார்கள். கேள்வி வேறு. 18 மீட்டர் சாலையில் மனை இருந்தால், அனுமதித்த அளவுக்கு மேல் 50 விழுக்காடு வரை கூடுதல் தளப்பரப்பைக் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தெருவின் கழிவுநீர்க் குழாய் எந்தக் காலத்தில் புதைத்தது, மழைநீர் வடிகால் எங்கே போய் முட்டி நிற்கிறது என்பவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது. சாலையின் அகலம் ஒன்றே அளவுகோல். கட்டணம் அரசின் பக்கம் போகிறது. உள்கட்டமைப்பு, வசதிகளுக்கென்று வசூலாகும் தனிக் கட்டணமும் மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. அதில் எந்த ஊருக்கு எந்தத் திட்டம் என்பது கோட்டையில் முடிவாகிறது. தெருவில் தண்ணீர் தேங்கினால் மக்கள் போய் நிற்பது வார்டு அலுவலகத்தின் வாசலில். அனுமதி தருபவர் ஓரிடம், பணம் பெறுபவர் இன்னோரிடம், ஏச்சு வாங்குபவர் மூன்றாவது இடம் என்று ஆனபின் பொறுப்பு என்பது எங்கே தங்கும்?

மேலே உள்ள அரசு தொலைநோக்குடன் பார்க்கும், கீழே இருப்பவர்கள் தம் தெருவை மட்டுமே பார்ப்பார்கள் என்பது அதிகாரக் குவிப்பை நியாயப்படுத்தும் முதல் வாதம். கொள்கையளவில் இதை ஏற்கிறேன். வெள்ளம் வார்டு எல்லையைப் பார்த்து நிற்காது. ஆதம்பாக்கத்து மழை வேளச்சேரி வழியாகப் பள்ளிக்கரணைக்குத்தான் போக வேண்டும். ஆனால் தொலைநோக்கு என்ற பெயரில் அரை நூற்றாண்டில் நமக்குக் கிடைத்தது என்ன? சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது, இரண்டாவது 2008இல். இடையில் 32 ஆண்டுகள். மென்பொருள் நிறுவனங்கள் வந்து பழைய மாமல்லபுரம் சாலையையே மாற்றிப்போட்ட காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கோவைக்கு 1994இல் ஒப்புதலான திட்டத்துக்கு அடுத்த திட்டம் 2025இல்தான் கிடைத்தது. அதற்குள் அந்த நகரம் அவிநாசி சாலையிலும் சரவணம்பட்டியிலும் தன்னைத் தானே கட்டிக்கொண்டுவிட்டது. 1960களில் சுமார் 5,500 ஹெக்டேர் என்று மதிப்பிடப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி இன்று இல்லை. அதன்மீது பறக்கும் ரயிலுக்குப் பாதை போட்டது, அலுவலக வளாகங்கள் எழுப்பியது எல்லாம் பெரிய அரசுகளின் அனுமதியோடு நடந்தவை. பெருங்குடியில் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. அந்தப் பங்கை மறைக்க வேண்டியதில்லை. உலகின் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பிறகும் அதன் விளிம்பில் கட்டுமான அனுமதி பற்றிய வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ‘இங்கே கட்டவே கூடாது’ என்பது மாநிலம் மட்டுமே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். அதைத்தான் அது சொல்லத் தயங்கியது.

ஏழைகளின் வீட்டு விஷயத்தில் இந்தத் தூரம் இன்னும் கொடுமையானது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. மெரினா கரையின் நொச்சிக்குப்பம் அந்தக் காலத்து வேலை. 2000 வாக்கில் நிலைமை மாறியது. கூவம், அடையாறு கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரிகளில் அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் 15,000க்கு மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். நகரின் நடுவில் வீட்டுவேலையும் மீன் விற்பனையும் செய்தவர்களுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. பள்ளிப் பிள்ளைகள் பலர் படிப்பை நிறுத்தினார்கள். கண்ணகி நகர் எழும்பியபோது ஒக்கியம் துரைப்பாக்கம் ஒரு ஊராட்சி. பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் எழும்பியதும் ஓர் ஊராட்சியின் எல்லைக்குள்தான். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையைக் கொண்டுவந்து இறக்கும்போது, அந்தக் கிராமத்தின் குடிநீர்த் தொட்டிக்கும் குப்பை வண்டிக்கும் சுகாதார நிலையத்துக்கும் என்ன ஏற்பாடு என்று கிராம சபையைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் வார்டையும் கேட்கவில்லை; குடியேற்றப்பட்ட ஊரையும் கேட்கவில்லை. நிலம் எங்கே காலியாக இருக்கிறது என்பதை மட்டும் வரைபடத்தில் பார்த்து எடுத்த முடிவு அது.

அதிகாரத்தை ஊருக்குத் தந்தால் நேர்மை மிஞ்சாது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது: ‘பஞ்சாயத்து அப்ரூவல்’. சென்னை, கோவை, மதுரை புறநகர்களில் பல்லாண்டுகளாக மனை விளம்பரங்களில் கண்ட சொல் அது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து வயலைத் துண்டு போட்டு விற்றார்கள். பூங்கா இருக்காது, இருபதடிச் சாலை பத்தடியாக இருக்கும், வாய்க்கால் மனைக்குள்ளேயே ஓடும். 2016 செப்டம்பர் 9 அன்று இத்தகைய மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடைபோட்டபோது, வாழ்நாள் சேமிப்பை ஒரு மனையில் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் தவித்துப்போயின. கோபம் முழுவதும் ஊராட்சித் தலைவர்கள்மீது திரும்பியது. ஆனால் இயக்ககத்தின் இசைவு இல்லாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இருந்ததில்லை. இல்லாத அதிகாரத்தைத் தலைவர் விற்றார் என்றால், அந்தப் பத்திரத்தை வாங்கிப் பதிவுசெய்தது சார்பதிவாளர் அலுவலகம். முத்திரைத் தீர்வை வாங்கியது மாநிலக் கருவூலம். மின் இணைப்புக் கொடுத்தது மாநில வாரியம். பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன்பு உருவான மனைகளுக்கு வரன்முறைக் கட்டணம் வாங்கியதும் அரசுதான். ஊராட்சித் தலைவர் குற்றவாளிக் கூண்டில் தனியாக நிற்க வேண்டியவர் இல்லை.

மேலிடத்தின் சுத்தம் பற்றியும் ஆவணங்கள் பேசுகின்றன. கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆவது பிரிவு அரசுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தி 1987–88இல் சென்னையில் வழங்கிய 62 விலக்கு ஆணைகளை, காரணமே சொல்லாமல் வழங்கியவை என்று கண்டு உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்துசெய்தது. அதற்கு முன்பே 113-ஏ என்று புதுப் பிரிவு சேர்த்து, விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் திட்டம் வந்திருந்தது. ஒருமுறைதான் என்று தொடங்கியது, கடைசித் தேதியை ஆண்டுக்காண்டு தள்ளிக்கொண்டே போனது. ஊழல் கீழே அதிகமா, மேலே அதிகமா என்று எடைபோடும் வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. இன்றைய ஏற்பாடே ஊழலை வளர்க்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வீடு கட்ட மணலும் ஜல்லியும் இறங்கினால் கவுன்சிலர் தரப்பிலிருந்து ஆள் வந்து நிற்கிறார் என்பது சென்னையில் எல்லோரும் அறிந்த புகார். அந்தக் கவுன்சிலருக்குத் திட்டத்தை உருவாக்கும் அதிகாரம் இல்லை, மறுக்கும் அதிகாரமும் இல்லை. தொல்லை கொடுக்கும் வலு மட்டும் இருக்கிறது. விற்க அவரிடம் இருக்கும் ஒரே சரக்கு அதுதான். வார்டின் திட்டத்தை மன்றத்தில் வாக்களித்து ஏற்றவர் என்று அவர் பெயர் பதிவானால், அதற்கு அடுத்த தேர்தலில் அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கேரளத்தைப் பார்த்தால் மறுப்பு இன்னும் வலுக்கும். அங்கே கட்டட அனுமதியும் ஊர்த் திட்டமும் நம்மைவிட வெகுவாக உள்ளாட்சிகளின் கையில் இருக்கின்றன. கொச்சியின் மரடு 2006இல் ஊராட்சியாக இருந்தபோது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் காயலோரத்தில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்தது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளூர் அதிகாரத்தின் ஆபத்துக்கு இதைவிடப் பெரிய சத்தத்துடன் ஒரு சான்று கிடைக்காது. ஆனால் மரடு தவறிய இடம் எது என்று பார்க்க வேண்டும். எத்தனை மாடி, எந்தத் தெரு என்பதில் அது தவறவில்லை. கட்டவே கூடாத இடத்தில் கட்ட விட்டது. அது ஊரின் விருப்பத்துக்கு விடக் கூடாத கேள்வி என்பதைத்தான் மரடு நிரூபிக்கிறது.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. ஊருக்கு அதிகாரம் என்றால் எந்த ஊருக்கு? ஏற்கெனவே வீடு இருப்பவர்களின் ஊருக்கா, வீடு தேடி வருபவர்களுக்குமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இந்தக் கேள்விக்கு நூறாண்டு கால விடை. 1916இல் பெர்க்லி நகரம் சில பகுதிகளில் ஒரு மனையில் ஒரு குடும்ப வீடு மட்டும்தான் என்று விதித்தது. மற்ற நகரங்களும் அதே வழியில் போயின. அடுக்குமாடி வேண்டாம், நிழல் விழும், வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்று ஒவ்வொரு ஊரும் தன் அளவில் நியாயமாகத் தோன்றும் காரணத்தைச் சொல்லித் தடுத்தது. எல்லா ஊரும் தடுத்ததன் விளைவு, 2024இல் அங்கே ஒரு வீட்டின் இடைநிலை விலை 9 லட்சம் டாலரைத் தாண்டியது. சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வேலைக்குப் போன தமிழர்கள் பலர், நல்ல சம்பளம் வாங்கியும் வாடகை வீட்டில் ஆண்டுகளைக் கழிப்பதன் காரணம் இந்த விதிகளில் இருக்கிறது. 2021இல் மாநில அரசு ஒரு மனையில் நான்கு வீடு வரை அனுமதிக்கும் சட்டம் இயற்றியபோது, உட்சைட் என்ற பணக்கார ஊர், தன் எல்லை முழுவதும் மலைச் சிங்கங்களின் வாழிடம் என்று அறிவித்துத் தப்பப் பார்த்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் கடிதம் எழுதிய பிறகே பின்வாங்கியது. நம் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கற்பனை இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

நம் ஊர்களில் இதே விலக்கல் வேறு முகத்துடன் வரும். ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே பிரித்து வைத்த சமூகம் இது. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், ஊர் தானாக இடம் கொடுத்திருக்காது என்று பொருள். கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்க அம்பேத்கர் மறுத்ததன் பின்னணியும் இதுதான். திட்டமிடும் அதிகாரம் முழுவதையும் ஊராட்சிக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், ஏழைகளுக்கான குடியிருப்பைத் தன் எல்லைக்குள் ஏற்க எத்தனை ஊர் முன்வரும்? நகரத்திலும் இது மாறாது. அண்ணா நகரோ அடையாறோ தன் தெருவில் வாரியக் குடியிருப்பு வேண்டும் என்று தீர்மானம் போடும் என எதிர்பார்க்க முடியாது. இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது. உள்ளூர் மன்றத்தில் வாக்கு இருப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். வர வேண்டியவர்களுக்கும், விரட்டப்பட்டவர்களுக்கும் அங்கே வாக்கு இல்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் கடமை உள்ள மன்றம் மாநிலச் சட்டமன்றம் ஒன்றுதான்.

அதனால்தான் கலிஃபோர்னியா கடைசியில் வந்து சேர்ந்த வழி நமக்கு அக்கறைக்குரியது. மாநிலம் எல்லா ஊருக்கும் தெருத்தெருவாக வரைபடம் வரையவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எட்டு ஆண்டுக்கு இத்தனை வீடு என்று மாநிலம் தொகையைத் தருகிறது, வட்டார அமைப்பு அதை நகரங்களுக்குப் பங்கிடுகிறது, எல்லா வருமானப் பிரிவினருக்கும் அதில் பங்கு உண்டு. 2031 வரையிலான சுற்றில் சான் பிரான்சிஸ்கோவின் பங்கு 82,000க்கு மேல். எங்கே, எப்படி என்று திட்டம் போடுவது நகரத்தின் வேலை. போடாமல் இழுத்தடித்தால், குறைந்த வருமானத்தினருக்குப் பங்கு வைக்கும் கட்டடத்தை மண்டல விதியைக் காட்டி மறுக்கும் உரிமையை அந்த நகரம் பெரும்பாலும் இழக்கிறது. அங்கும் எல்லாம் நலமாகிவிடவில்லை; வழக்குகள் ஓயவில்லை, நான்கு வீடு அனுமதிக்கும் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆனால் யாருடைய கேள்வி எது என்ற பிரிவினை தெளிவாக இருக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஊரிடம் விட்ட தவறிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். நாம் எல்லாவற்றையும் கோட்டையில் குவித்த தவறிலிருந்து அதே இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இங்கே மாநிலம் செய்ய வேண்டியது, நீர்நிலைகள், சதுப்பு, கடலோரம், நீர்வழித் தடங்கள் ஆகியவற்றை சர்வே எண்ணோடு அறிவித்து, எந்த விலக்கு ஆணையாலும் தொட முடியாதபடி பூட்டுவது. ஒவ்வொரு மண்டலமும் ஏழைகளுக்கான வீடுகளில் தன் பங்கைத் தன் எல்லைக்குள்ளேயே ஏற்க வேண்டும் என்று சட்டமாக்குவது. இரண்டாவது நடந்தால் இன்னொரு பெரும்பாக்கம் தோன்றுவது கடினம். இதற்கு உட்பட்டு, வார்டு அளவிலான விரிவான வளர்ச்சித் திட்டத்தை மாநகராட்சியும் நகராட்சியும் தயாரித்து, பகுதி சபைகளில் வைத்து, மன்றத்தில் நிறைவேற்ற வேண்டும். வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இலேயே விதிகள் வந்துவிட்டன. பேசத்தான் உருப்படியான பொருள் கொடுக்கவில்லை. கூடுதல் தளப்பரப்புக்கான கட்டணத்தின் பெரும்பங்கு எந்த வார்டில் கட்டடம் எழுகிறதோ அந்த வார்டின் குழாய்க்கும் வடிகாலுக்கும் போக வேண்டும். திட்டத்தைக் குறித்த காலத்தில் நிறைவேற்றாத உள்ளாட்சிக்கு மட்டும் மாநில விதிகள் தாமாகப் பொருந்தட்டும்.

ஊர்களிடம் நகரமைப்பு வல்லுநர்கள் இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். இல்லாததற்குக் காரணம், அவர்களுக்கு அங்கே வேலை இல்லாதது. இயக்ககத்திலும் குழுமத்திலும் இருப்பவர்களில் ஒரு பகுதியை மாநகராட்சிகளுக்கு அனுப்புவது ஓர் அரசாணைக்குரிய வேலை. மும்பையில் நகரின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது மாநகராட்சியே, மாநில அரசு ஒப்புதல் தருகிறது. அதனால் மும்பை சொர்க்கமாகிவிடவில்லை, ஆனால் மாநகராட்சியால் முடியாத வேலை இது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஊர் எல்லைகளைத் தாண்டும் நீரும் போக்குவரத்தும் என்ன ஆவது என்ற கேள்விக்கு அரசமைப்பின் 243-இசட்இ பிரிவே விடை வைத்திருக்கிறது: பெருநகரத் திட்டக் குழு, அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் தொடும் அந்தப் பரப்பில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் இருக்கின்றன. அவ்வளவு நிலத்தையும் எழும்பூரின் ஓர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதற்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவது திட்டம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்த நிலப்பரப்பின் தலையெழுத்தை எழுதப்போகிறது. அதை மன்றங்களின் வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேற்றினால், இன்னொரு தலைமுறைக்கு இதே ஏற்பாடு உறுதியாகிவிடும். இங்கே அதிகாரம் பகிரப்படாததற்கு டெல்லியைக் காரணம் காட்ட வழியில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் முழுக்க முழுக்க மாநிலச் சட்டம். அதைத் திருத்தத் தமிழ்நாடு சட்டமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும்.